ஜி.எல்.-4 கேட்டால் ஜி.எல்.-5 தருகிறார்கள்: கியர் ஆயில் கேள்விகள்

இந்த முறை முழுப் பகுதியும் ஒரே பொருளுக்குத்தான். பழைய வண்டிகளின் கியர் ஆயில் பற்றி வந்த கடிதங்கள் சேர்ந்துகொண்டே போனதால், பிரேக், கார்புரேட்டர் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். எஞ்சின் ஆயிலை வேளை தவறாமல் மாற்றுகிற ஆட்கள்கூட கியர் பாக்ஸைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்கும்போதும் கையில் கிடைத்ததை ஊற்றிவிடுகிறார்கள். வாழ்நாள் முழுக்க கியர் பாக்ஸ் கழற்றிப் பூட்டுகிறவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய வருத்தம். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

கேள்வி: என் கார் 1990களில் வந்தது. முன் சக்கர டிரைவ், ஐந்து கியர். கையேட்டில் 75டபிள்யூ-90, ஜி.எல்.-4 என்று போட்டிருக்கிறது. கடையில் ஜி.எல்.-5தான் இருக்கிறது. “நாலைவிட அஞ்சு உசத்தி, தாராளமா ஊத்தலாம்” என்கிறார்கள். ஊற்றலாமா?

பதில்: ஊற்ற வேண்டாம். இந்த ஒரு கேள்விதான் வேறு வேறு உருவத்தில் பாதிக் கடிதங்களில் வந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எஞ்சின் ஆயிலில் புதிய தரம் வந்தால் அது பெரும்பாலும் பழைய தரத்தின் வேலையையும் செய்யும். அந்தப் பழக்கத்தில்தான் கடைக்காரர் பேசுகிறார். கியர் ஆயிலில் அப்படி இல்லை. ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தரும் ஜி.எல். எண், எந்த மாதிரிப் பல்லுக்கு எந்த மாதிரி ஆயில் என்பதைச் சொல்கிறது. மாடிப்படி மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் போகிற வரிசை அல்ல அது.

ஜி.எல்.-5 ஹைப்பாய்டு பற்களுக்காக உருவானது. பின் சக்கர டிரைவ் வண்டியின் டிஃபரன்ஷியலில் (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம், கிரவுன் வீல் என்கிற பெரிய பல்சக்கரத்தின் நடுமையத்துக்குக் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும். இந்த அமைப்புதான் ஹைப்பாய்டு. 1926இல் பேக்கார்ட் கார்களில் இது வந்தது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் தாழ்ந்ததால் காரின் தளமும் தாழ்ந்தது. ஆனால் அந்த அமைப்பில் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருள்வதோடு நிற்பதில்லை, நீளவாட்டில் இழுத்துத் தேய்த்துக்கொண்டே போகும். முழுப் பாரத்தில் அப்படித் தேய்க்கும்போது ஆயில் படலம் வழித்தெடுக்கப்பட்டுவிடும். உலோகமும் உலோகமும் நேராகத் தொடும். அந்த இடத்தைக் காப்பாற்றத்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். தொடுகிற இடத்தில் எழும் சூட்டில் அது இரும்போடு வினைபுரிந்து மெல்லிய படிவத்தை உண்டாக்கும். பல்லுக்குப் பதிலாக அந்தப் படிவம் தேயும், திரும்பவும் உண்டாகும். ஜி.எல்.-5 ஆயிலில் இந்த ரசாயனம் ஜி.எல்.-4இல் இருப்பதைப்போலச் சுமார் இரண்டு பங்கு.

உங்கள் கியர் பாக்ஸில் ஹைப்பாய்டு பல் கிடையாது. எஞ்சின் குறுக்குவாட்டில் இருக்கிற முன் சக்கர டிரைவ் வண்டிகளில் கடைசிப் பல்சக்கரம்கூடச் சாய்வுப் பல் கொண்ட ஹெலிக்கல் கியர்தான். அதற்கு ஜி.எல்.-4இல் இருக்கிற பாதுகாப்பே தாராளம். அங்கே கவனிக்க வேண்டியது சின்க்ரோ ரிங். உங்கள் காலத்துக் கார்களில் அது பெரும்பாலும் பித்தளை அல்லது வெண்கலம். கையில் எடுத்து உள்பக்கம் பாருங்கள். ஸ்க்ரூ மரை போல மெல்லிய வரிகள் ஓடும். நீங்கள் கியர் லீவரைத் தள்ளும்போது இந்த ரிங் கியரின் கூம்பில் போய் அழுந்தும். அந்த வரிகள் ஆயில் படலத்தை அறுத்துக்கொண்டு கூம்பைக் கவ்விப் பிடித்தால்தான் இரண்டின் வேகமும் ஒன்றாகும், கியர் சத்தமில்லாமல் விழும். ஆக, கியர் பாக்ஸுக்குள் பற்களுக்கு வழுக்கல் வேண்டும், ரிங்குக்குப் பிடிப்பு வேண்டும். இரண்டையும் ஒரே ஆயில் தர வேண்டும். ஜி.எல்.-5ஐ ஊற்றினால் பல கியர் பாக்ஸ்களில் ரிங் கவ்வத் தாமதிக்கிறது. ஓட்டுகிறவருக்கு “கரக்” என்று கேட்கிறது.

இன்னொரு பக்கம் அரிப்பு. கந்தகத்துக்குச் செம்பு ஆகாது, பித்தளையிலும் வெண்கலத்திலும் செம்புதான் அதிகம். ஆயில்களைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. தேய்த்துப் பளபளப்பாக்கிய செம்புத் தகட்டை 121 டிகிரி செல்சியஸ் சூட்டில் 3 மணி நேரம் ஆயிலில் ஊறவைத்து, எடுத்து, நிற அட்டையோடு ஒப்பிடுவார்கள். நிறம் மாறாத 1 முதல் கறுத்து அரித்துப்போன 4 வரை படிகள். ஜி.எல்.-5க்கு 3ஆம் படிவரை அனுமதி உண்டு. அதாவது செம்பு மயில்கழுத்து நிறத்துக்குப் போனாலும் ஆயில் தேறிவிடும். டிஃபரன்ஷியலுக்குள் பொதுவாகச் செம்பு வேலை கிடையாது என்பதால் அங்கே அது குற்றமில்லை. உங்கள் சின்க்ரோ ரிங்குக்கு அது பொருந்தாது.

இன்றைய ஜி.எல்.-5 ஆயில்களில் செம்பைக் காக்கிற ரசாயனங்களும் சேர்க்கிறார்கள், பழையவை அளவுக்கு மோசமில்லை. டப்பாவில் ஜி.எல்.-4, ஜி.எல்.-5 இரண்டையும் அச்சிட்டவையும் உண்டு. அவற்றில் “சின்க்ரோமெஷ் (சின்க்ரோ ரிங் உள்ள) கியர் பாக்ஸுக்கு ஏற்றது” என்று தயாரிப்பாளரே எழுதியிருந்தால் மட்டும் யோசிக்கலாம். ஆனால் அரிப்பை நிறுத்துவது வேறு, பிடிப்பைத் தருவது வேறு. முன்னதைச் செய்கிற ரசாயனம் பின்னதைச் செய்வதில்லை. பழைய பித்தளை ரிங் உள்ள பெட்டிக்கு நான் ஜி.எல்.-4 என்று மட்டும் போட்ட ஆயிலைத்தான் ஊற்றுவேன். ஒரு கடையில் இல்லையென்றால் இன்னொரு கடையில் தேடுங்கள். கியர் ஆயில் அடிக்கடி வாங்குகிற சாமான் இல்லை, சில நாள் காத்திருந்து வாங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஏற்கனவே ஜி.எல்.-5 ஊற்றிவிட்டவர்கள் பயப்பட வேண்டாம். நாளைக்கே ரிங் கரைந்துவிடாது. வசதியான ஒரு நாளில் இறக்கிவிட்டுச் சரியானதை ஊற்றுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் எல்லா கியர் பாக்ஸுக்கும் ஜி.எல்.-4தானா?

பதில்: இல்லை. எஞ்சின் நீளவாட்டில் இருந்து, கியர் பாக்ஸும் முன் டிஃபரன்ஷியலும் ஒரே பெட்டிக்குள் ஒரே ஆயிலில் ஓடுகிற வண்டிகள் இருக்கின்றன. சுபாருவின் பழைய ஐந்து கியர் பெட்டிகள் அப்படித்தான். உள்ளே ஹைப்பாய்டு பல் இருப்பதால் கையேடு ஜி.எல்.-5 கேட்கிறது, சின்க்ரோவையும் அதற்கேற்ப அமைத்திருக்கிறார்கள். அங்கே போய் ஜி.எல்.-4 ஊற்றினால் கிரவுன் வீலும் பினியனும் வீணாகும். அது ரிங் தேய்வதைவிடப் பெரிய செலவு. பின் சக்கர டிரைவ் வண்டி வைத்திருப்பவர்களும் இதைக் கவனியுங்கள். கியர் பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் ஒரே டப்பாவிலிருந்து ஊற்றுவது வசதிதான். ஆனால் முன்னதற்கு ஜி.எல்.-4, பின்னதற்கு ஜி.எல்.-5 என்று கையேடு சொன்னால் இரண்டு டப்பா வாங்கித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: என் கியர் பாக்ஸில் 10டபிள்யூ-30 எஞ்சின் ஆயில் ஊற்றச் சொல்லி கையேடு சொல்கிறது. மெக்கானிக் சிரிக்கிறார். “30 எங்கே, 90 எங்கே? தண்ணீர் மாதிரி ஓடும், பல்லெல்லாம் போய்விடும்” என்கிறார். அச்சுப் பிழையாக இருக்குமோ?

பதில்: அச்சுப் பிழை இல்லை. உங்கள் மெக்கானிக் இரண்டு வேறு அளவுகோல்களை ஒன்றாகப் படிக்கிறார். எஞ்சின் ஆயிலுக்கு ஒரு எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) அட்டவணை, கியர் ஆயிலுக்கு வேறொரு எஸ்.ஏ.இ. அட்டவணை. இரண்டும் குழம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் கியர் ஆயில் எண்களை எட்டத்தில் வைத்திருக்கிறார்கள். 100 டிகிரி சூட்டில் அளந்தால் 90 என்கிற கியர் ஆயில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் (ஆயிலின் கெட்டியை அளக்கும் அலகு) வரை இருக்கும். 40 என்கிற எஞ்சின் ஆயில் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. அதாவது 90 கியர் ஆயிலும் 40, 50 எஞ்சின் ஆயிலும் கெட்டியில் அண்ணன் தம்பிகள். உங்கள் 30 எஞ்சின் ஆயில் 9.3 முதல் 12.5 வரை. கியர் ஆயில் கணக்கில் அது 80, 85 பக்கத்தில் வரும். தண்ணீர் ஒன்றும் இல்லை.

எஞ்சின் ஆயிலில் ஓடுகிற கியர் பாக்ஸ்கள் நிறைய உண்டு. பழைய ஹோண்டா கார்கள், தனி ஆயில் வருவதற்கு முன்னால், 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40தான் கேட்டன. எம்.ஜி.பி. கியர் பாக்ஸ் 20டபிள்யூ-50இல் ஓடியது. 1959இல் வந்த மினியில் கியர் பாக்ஸ் எஞ்சினுக்கு அடியிலேயே, அதே ஆயிலிலேயே கிடந்தது. சிவப்பு நிற ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில்) கேட்கிற மேனுவல் பெட்டிகளும் இருக்கின்றன. போர்க்-வார்னர் டி-5 நல்ல உதாரணம். அதற்கு 90 ஊற்றினால் குளிரில் லீவர் அசையவே மறுக்கும். வடிவமைத்தவர் பேரிங்கின் இடைவெளியையும் ரிங்கின் வரிகளையும் ஒரு குறிப்பிட்ட ஆயிலை மனத்தில் வைத்துத்தான் தீர்மானித்திருக்கிறார். மெக்கானிக்கிடம் கையேட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். நல்ல மெக்கானிக் என்றால் ஏற்றுக்கொள்வார்.

ஒரு விஷயம். கையேடு எஞ்சின் ஆயிலை எழுதிய காலத்தில் இருந்த ஆயில் வேறு, இன்றைக்கு வருகிறது வேறு. பெட்ரோல் மிச்சமாவதற்காக உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்த ரகங்கள் இப்போது நிறைய. அவை சின்க்ரோவுக்கு உதவாது. சாதாரண மினரல் ரகம் போதும். அந்த நிறுவனமே பிற்பாடு தனியாக மேனுவல் கியர் பாக்ஸ் ஆயில் வெளியிட்டிருந்தால் அது இன்னும் நல்லது.

கேள்வி: கையேடு 80டபிள்யூ-90 என்கிறது. குளிர்காலக் காலையில் இரண்டாவது கியர் விழவே மாட்டேன் என்கிறது. சில கிலோமீட்டர் ஓடியபின் வெண்ணெய் போல விழுகிறது. கியர் பாக்ஸ் இறக்க வேண்டுமா?

பதில்: இறக்காதீர்கள். சூடானபின் நன்றாக விழுந்தால் ரிங் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். குளிரில் ஆயில் கெட்டியாகி, ரிங்கின் வரிகளால் அதை அறுத்துக்கொண்டு கூம்பைத் தொட முடியவில்லை, அவ்வளவுதான்.

“டபிள்யூ” போட்ட முதல் எண்தான் குளிருக்கானது. கியர் ஆயில் அட்டவணையில் 85டபிள்யூ என்றால் மைனஸ் 12 டிகிரி வரையிலும், 80டபிள்யூ என்றால் மைனஸ் 26 வரையிலும், 75டபிள்யூ என்றால் மைனஸ் 40 வரையிலும் ஒரு எல்லைக்கு மேல் கெட்டியாகக் கூடாது. உறைபனியே பார்க்காத ஊரில் இருந்தாலும் இந்த வித்தியாசம் கையில் தெரியும். பத்துப் பதினைந்து டிகிரியிலேயே 75டபிள்யூ ஆயில் 80டபிள்யூவைவிட நெகிழ்வாக இருக்கும். பின்னால் வரும் 90 இரண்டுக்கும் ஒன்றுதான், ஆகையால் சூட்டில் பற்களுக்கான பாதுகாப்பு குறையாது. 75டபிள்யூ-90, ஜி.எல்.-4 வாங்கி மாற்றுங்கள். அது பெரும்பாலும் சிந்தெட்டிக்காகவோ பாதி சிந்தெட்டிக்காகவோ இருக்கும். “பழைய வண்டியில் சிந்தெட்டிக் ஊற்றினால் சீல் ஒழுகும்” என்று பயமுறுத்துவார்கள். சீல் நல்ல நிலையில் இருந்தால் ஒழுகாது. ரப்பர் ஏற்கனவே இறுகிப்போய், அழுக்கு அடைத்துக்கொண்டு நிற்கிற சீல் என்றால் கசிவு வெளியே தெரியலாம். அந்த சீல் எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

ஆயில் மாற்றும்வரை காலையில் முதல் சில நிமிடம் லீவரை அமுக்கிப் பிடித்துக் கட்டாயப்படுத்தாதீர்கள். நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்தி, பிறகு மெதுவாகத் தள்ளுங்கள்.

கேள்வி: இரண்டாவது கியர் எப்போதும், சூட்டிலும்கூட, “கரகர” என்கிறது. ஏதாவது ஆயில் மருந்து ஊற்றினால் சரியாகுமா?

பதில்: முதலில் கிளட்சைப் பாருங்கள். வண்டி நிற்கும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு மெதுவாகப் பத்து எண்ணுங்கள். பிறகு ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான பழைய பெட்டிகளில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோ கிடையாது. அத்தனை நேரம் காத்திருந்தும் ரிவர்ஸ் கத்தினால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கேபிளோ ஹைட்ராலிக்கோ, குறை அங்கே இருக்கிறது. சின்க்ரோவைக் குறை சொல்லிப் பயனில்லை.

ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்து, இரண்டாவது மட்டும் கத்தினால் அந்த ரிங் தேய்ந்திருக்கிறது. அதிகம் உழைப்பது இரண்டாவது ரிங்தான், முதலில் போவதும் அதுதான். பெட்டியைப் பிரித்தால் இதை நிமிடத்தில் உறுதி செய்யலாம். ரிங்கைக் கூம்பில் வைத்துக் கையால் அழுத்தித் திருகினால் நல்ல ரிங் “கப்”பென்று பிடித்துக்கொள்ளும். தேய்ந்தது வழுக்கிக்கொண்டு சுற்றும். ரிங்கின் பல்லுக்கும் கியரின் பல்லுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளியையும் பார்ப்போம். பல பெட்டிகளில் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ரிங் மாற்ற வேண்டும். சரியான எல்லை அந்தந்தப் பெட்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

தேய்ந்துபோன வரியை எந்த ஆயிலும் திரும்ப வெட்டித் தராது. இருந்தாலும், உள்ளே என்ன ஆயில் கிடக்கிறது என்று தெரியாவிட்டால் முதலில் சரியான ஜி.எல்.-4 மாற்றிப் பாருங்கள். ஜி.எல்.-5 கிடந்த பெட்டியில் இது மட்டுமே சத்தத்தைக் கணிசமாகக் குறைத்ததை நான் பார்த்திருக்கிறேன். மாலிப்டினம், டெஃப்லான் என்று சொல்லி விற்கிற மருந்துகளை மட்டும் ஊற்றாதீர்கள். அவை இன்னும் வழுக்கலைத்தான் தரும். பிடிப்பு போய் வந்திருக்கிற ரிங்குக்கு அது எதிர்வேலை.

கேள்வி: கியர் பாக்ஸில் ஊளைச் சத்தம். 140 ஆயில் ஊற்றினால் அடங்கும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: அடங்கும். அதனால்தான் வண்டியை விற்கப் போகிறவர்கள் சிலர் ஊற்றுகிறார்கள். பேரிங் போனது போனதுதான், சத்தம் மட்டும் கெட்டி ஆயிலுக்குள் அமுங்கும். ஷாஃப்டுக்கும் கியருக்கும் நடுவே இருக்கிற ஊசி பேரிங்குகளுக்கும் சின்னச் சின்னத் துளைகளுக்கும் அந்தக் கெட்டி ஆயில் குளிரில் நேரத்துக்குப் போய்ச் சேராது. சின்க்ரோவும் மந்தமாகும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் கியர் பாக்ஸ் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அமைதியாக, ஆனால் லீவர் மட்டும் கனமாக இருந்தால் ஆயிலைத் தொட்டுப் பாருங்கள்.

உங்கள் சத்தம் எங்கே என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நியூட்ரலில் நின்றுகொண்டிருக்கும்போது கேட்டு, கிளட்சை மிதித்தவுடன் நின்றால் உள்வரும் ஷாஃப்டின் பேரிங்கையோ, அதற்கு இணையாக ஓடும் லே ஷாஃப்டின் பேரிங்கையோ சந்தேகப்படுங்கள். நாலாவது நேரடி கியராக இருக்கிற பின் சக்கர டிரைவ் பெட்டியில், மற்ற எல்லா கியரிலும் ஊளையிட்டு நாலாவதில் மட்டும் அடங்கினால் லே ஷாஃப்ட் பக்கம்தான் கோளாறு. நேரடி கியரில் அதற்குப் பாரம் ஏறுவதில்லை. ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்த ஜோடிப் பல். இதையெல்லாம் பார்ப்பதற்கு முன்னால் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். கசிந்து குறைந்துபோன ஆயிலாலேயே பாதி ஊளை வரும்.

கேள்வி: தாத்தா ஓட்டிய கார். கையேடு இல்லை. என்ன ஆயில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கையேட்டைத் தேடுவதுதான் முதல் வேலை. பழைய கார்களின் சர்வீஸ் புத்தகங்கள் பலவற்றை மறுபதிப்பாகவும் நகலாகவும் இன்றும் வாங்கலாம். காரின் பெயரோடு கியர் பாக்ஸ் எண்ணையும் வைத்துத் தேடுங்கள். ஒரே காருக்கு இரண்டு மூன்று பெட்டிகள் பொருத்தியிருப்பார்கள், ஆயிலும் மாறும். எண் பெட்டியின் மேல் அச்சாகவோ சின்னத் தகடாகவோ இருக்கும். சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்தால் வெளிவரும். சிலவற்றில் ஃபில்லர் பிளக் அருகிலேயே ஆயில் ரகத்தை ஸ்டிக்கரில் எழுதியிருப்பார்கள்.

அதுவும் கிடைக்கவில்லையா? பிளக்கைத் திறந்து ஒரு துளியை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். சிவப்பு என்றால் ஏ.டி.எஃப். ஊற்றியிருக்கலாம். மூக்கில் ஏறுகிற கந்தக நாற்றம் என்றால் கியர் ஆயில். இது துப்பு மட்டும்தான். கடைசியாக ஊற்றியவர் சரியாகத்தான் ஊற்றினார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அப்புறம் வண்டியின் அமைப்பைப் பாருங்கள். எஞ்சின் குறுக்கே கிடந்து முன் சக்கரத்தை ஓட்டினால் ஜி.எல்.-5 தேவைப்பட வாய்ப்பு மிகக் குறைவு. பெட்டியும் டிஃபரன்ஷியலும் ஒன்றாக இருந்து, எஞ்சின் நீளவாட்டில் என்றால் தெரிந்தவரிடம் கேட்காமல் எதையும் ஊற்றாதீர்கள். தனியாகக் கியர் பாக்ஸ், தனியாக டிஃபரன்ஷியல் என்று இருக்கிற சின்க்ரோ வண்டிக்கு, வேறு தகவலே கிடைக்காதபோது, 80டபிள்யூ-90 ஜி.எல்.-4தான் என் தேர்வு. ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர் அமைப்பு) இணைத்த பெட்டி என்றால் இந்த யோசனையையும் கேட்காதீர்கள். அதன் கிளட்ச் அதே ஆயிலில் ஓடுகிறது. புத்தகம் கிடைக்கும்வரை பொறுங்கள்.

சின்க்ரோமெஷ் 1928இல் கேடிலாக்கில் வந்தது. அதற்கு முந்தைய ரகப் பெட்டிகளையும், வெண்கலச் சக்கரத்தோடு வோர்ம் டிரைவ் (திருகு போன்ற பல் சக்கரத்தை ஓட்டும் அமைப்பு) ஓடுகிற பின் ஆக்ஸில்களையும் வைத்திருப்பவர்கள், ரசாயனம் சேர்க்காத சுத்த மினரல் கியர் ஆயிலைத்தான் தேட வேண்டும். அருங்கார் பராமரிப்பவர்களுக்காக இன்றும் தயாரிக்கிறார்கள்.

கேள்வி: பழைய வெஸ்பா ஸ்கூட்டருக்கு எஸ்.ஏ.இ. 30 எஞ்சின் ஆயில் ஊற்றுகிறேன். கியர் பாக்ஸ்தானே, 90 கியர் ஆயில் நல்லதில்லையா?

பதில்: உங்கள் 30 சரி. அந்தப் பெட்டிக்குள் கிளட்சும் அதே ஆயிலில் நனைந்துதான் ஓடுகிறது. பற்களை மட்டும் நினைத்து ஊற்றினால் கிளட்ச் வழுக்கும் அல்லது ஒட்டிக்கொள்ளும். உராய்வைக் குறைக்கிற நவீனக் கார் ஆயில்களும் வேண்டாம். சுமார் கால் லிட்டர்தான் பிடிக்கும், அடிக்கடி மாற்றுங்கள்.

கேள்வி: நானே மாற்றிக்கொள்ளலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தாராளமாக. எஞ்சின் ஆயில் மாற்றத் தெரிந்தவருக்கு இது கூடுதல் வேலை இல்லை. ஆனால் ஒரு ஒழுங்கு இருக்கிறது: முதலில் ஃபில்லர் பிளக், பிறகுதான் டிரெயின் பிளக். இருக்கிற ஆயிலை இறக்கிவிட்டு, மேல் பிளக் துரு ஏறித் திறக்கவில்லை என்று தெரிந்தால் வண்டி அங்கேயே நிற்கும். பிளக்கின் குழியில் இருக்கிற அழுக்கைக் கம்பியால் சுரண்டி எடுத்துவிட்டு, சரியான அளவு கீயை முழு ஆழத்துக்கு இறக்கித் திருப்புங்கள். பாதி இறங்கிய கீதான் பிளக்கின் முனைகளை உருண்டையாக்கும். அலுமினியப் பெட்டியில் அவசரப்பட்டால் மரையே போகும்.

கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, ஆயில் இளஞ்சூட்டில் இருக்கும்போது இறக்குங்கள். வண்டி நான்கு பக்கமும் சமமாக நிற்க வேண்டும், ஜாக்கை நம்பி அடியில் படுக்காமல் ஸ்டாண்டு வைத்து நிறுத்துங்கள். ஆயில் முழுக்க வடிய நேரம் கொடுங்கள். அந்த நேரத்தில் டிரெயின் பிளக்கில் இருக்கிற காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருக்கும். அதை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். பென்சில் தூள் போல வழவழவென்று இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். மணல் போல நெருடினால், அல்லது வளைந்த துண்டோ உடைந்த ஊசியோ தட்டுப்பட்டால் பெட்டியைப் பிரிக்க வேண்டியதுதான். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. ஆகவே இறக்கிய ஆயிலை மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்டி வெயிலில் பிடித்துப் பாருங்கள். அங்கங்கே பொன்தூள் மின்னினால் பரவாயில்லை. துணி முழுக்க மின்னினால் சின்க்ரோ ரிங் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பெட்டியின் மேலே இருக்கிற பிரீதர் குழாயைப் பாருங்கள். அது அடைத்துக்கொண்டாலும் தொல்லைதான், சூட்டில் காற்று வெளியேற வழியில்லாமல் சீல் வழியாக ஆயிலைத் தள்ளிவிடும்.

உள்ளே மண்ணெண்ணெய் விட்டுக் கழுவுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது, வேண்டாம். மூலைகளில் தங்குகிற மண்ணெண்ணெய் புது ஆயிலை நீர்க்க வைக்கும். டிரெயின் பிளக்குக்குப் புது வாஷர் போட்டு மூடுங்கள். ஃபில்லர் துளை பக்கவாட்டில் இருப்பதால் சின்னக் கைப்பம்பும் குழாயும் வேண்டும். துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் வந்து, ஒழுக ஆரம்பித்தவுடன் நிறுத்துங்கள். பெரும்பாலான பெட்டிகளுக்கு அதுதான் மட்டம். துளையை ஆயில் மட்டத்துக்காக வைக்காத சில பெட்டிகளும் இருப்பதால், புத்தகத்தில் லிட்டர் கணக்குக் கொடுத்திருந்தால் அதையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாவது கியர் தனி மூடிக்குள் இருக்கிற பெட்டிகளில் ஆயில் அங்கே போய்ச் சேரச் சில நிமிடம் ஆகும். கொஞ்சம் பொறுத்து மீண்டும் பார்த்துவிட்டு மூடுங்கள். அதிகமாக ஊற்றினால் சீலில் வெளியேறும், சில வண்டிகளில் கிளட்ச் தட்டில்கூட படும்.

எப்போது மாற்றுவது என்றால், புத்தகம் என்ன சொல்கிறதோ அது. “வாழ்நாள் ஆயில்” என்று எழுதியிருந்தால்கூட, 50,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றச் சொல்வேன். வாங்கியபோது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பழைய வண்டிக்கு உடனே மாற்றிவிட்டு, தேதியும் ரகமும் எழுதி பானெட்டின் அடியில் ஒட்டிவையுங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், மூடியுள்ள டப்பாவில் ஊற்றி, கழிவு ஆயில் வாங்குகிற இடத்தில் கொடுங்கள்.